வீட்டுக்குள் வந்த சபை: மேய்ப்பு, சாதி, புழக்கம்

1

ஊர்ப்பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். காலனியில் ஏதாவதொரு வீட்டு முகப்பில் சின்னதாக ஒரு தகரப் பலகை. அதில் ஒரு வசனம், ஞாயிறு ஆராதனை நேரம், பாஸ்டரின் போன் நம்பர். உள்ளே ஒரு கூடம், விரித்த பாய், ஒரு கீபோர்டு, இருபது முப்பது பேர். பெரும்பாலும் பெண்கள். ஜெபவீடு என்கிறோம் நாம். ஊழியக்காரர்கள் 'வீட்டுச்சபை' என்கிறார்கள்.

இந்த வீட்டைப் பற்றி நம்மிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. இந்துத்துவவாதிக்கு அது அந்நியப் பணம், மோசடி மதமாற்றம். இடதுசாரித் தோழருக்கும் பகுத்தறிவுத் தோழருக்கும் அது அபின். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணச் சொல்கிற மூடநம்பிக்கைக் கூடம். மூன்றாவது பதில் இறையியல் கல்லூரிகளிலிருந்து வருகிறது. விடுதலை இறையியலும் தலித் இறையியலும் பேசுகிற பேராசிரியர்களில் பலருக்கு அது அரசியல் நீக்கம் செய்யப்பட்ட அமெரிக்கச் சரக்கு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிற பெண் அங்கே எதற்காக வந்தாள் என்கிற கேள்வி மூன்றிலுமே இல்லை. அவளை ஏமாற்றப்பட்டவள், மயக்கப்பட்டவள், திசைதிருப்பப்பட்டவள் என்று சொல்ல முடிகிற நம்மால், அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கலாம் என்று நினைக்க முடிவதில்லை.

நானும் இரண்டாம் வகைத் தோழனாக இருந்தவன்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். தென்மாவட்டத்தில் ஒரு பங்கு. திருவிழாவுக்கு மாதா சப்பரம் ஊர்த்தெருக்களை எல்லாம் சுற்றும். எங்கள் தெருமுனை வந்ததும் திரும்பிவிடும். கல்லறைத் தோட்டம் இரண்டு. சித்தப்பா செத்தபோது எங்கள் கல்லறைக்குப் போகும் வழியில் இடுப்பளவு மழைத்தண்ணீர். ஊர்க்கல்லறை வழியாகத் தூக்கிக்கொண்டு போக விடவில்லை. சாமியார் சமாதானம் பேசினார். அதற்குமேல் அவரால் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீருக்குள்தான் போனோம். அடுத்த வருசம் சித்தி கோவிலை விட்டு நின்றுவிட்டாள். அடுத்த தெருவிலிருந்த ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேலியாகக் கேட்டேன். "என்ன சித்தி, நீயும் அல்லேலூயா ஆயிட்டியாமே?" அவள் கோபப்படவில்லை. "எய்யா, சப்பரம் வராத தெருவுக்குள்ள சாமியே வந்திருக்காரு. அங்கன என்னயப் பேரு சொல்லிக் கூப்பிடுதாவ. ஒனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லைதான். இந்தக் கட்டுரை அந்தத் தெரியாமையிலிருந்துதான் தொடங்குகிறது.

2

'போஷித்தல்' என்றொரு சொல் கிறிஸ்தவத் தமிழில் உண்டு. ஊட்டி வளர்ப்பது என்று பொருள். புதிய விசுவாசிகளைப் போஷிப்பது, சிறு சபைகளைப் போஷிப்பது, மந்தையைப் போஷிப்பது. ஊழியச் செய்தி மடல்களைப் புரட்டிப் பார்த்தால் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். இந்த மடல்களை ஒரு பிரதியாக எடுத்து நாம் யாரும் வாசித்ததில்லை. வாசித்திருக்க வேண்டும். அவற்றுக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலில் துதி, பிறகு எண்ணிக்கை, பிறகு ஒரு சாட்சி, கடைசியில் தேவைகள். எண்ணிக்கைப் பகுதியில் இத்தனை வீட்டுக்கூட்டங்கள், இத்தனை ஞானஸ்நானங்கள். சாட்சிப் பகுதியில் குடிகாரக் கணவன் திருந்தியிருப்பான், அல்லது பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும். தேவைகள் பகுதியில் ஒரு பைக், ஒரு ஒலிபெருக்கி, கூரைக்குத் தகரம். ஆட்களுக்குப் பெயர் உண்டு, நோய் உண்டு, அற்புதம் உண்டு. அவர்களுடைய தெருவுக்குப் பெயர் இல்லை. அவள் எந்த நிலத்தில் கூலிவேலை பார்க்கிறாள், கணவன் யாரிடம் கடன்பட்டுக் குடித்தான் என்பதற்கு மடலில் இடமே கிடையாது.

மிஷேல் ஃபூக்கோ 1978ஆம் ஆண்டு விரிவுரைகளில் மேய்ப்பதிகாரம் பற்றிப் பேசினார். அரசனின் அதிகாரம் நிலத்தின் மீது செயல்படுவது. மேய்ப்பனின் அதிகாரம் நடமாடுகிற மந்தையின் மீது செயல்படுவது. மேய்ப்பன் மொத்த மந்தையையும் பார்க்க வேண்டும், ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாகவும் அறிந்திருக்க வேண்டும். அதன் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்பது வரைக்கும் அவனுக்குத் தெரிய வேண்டும். அன்பாக, அக்கறையாக, சேவையாகத்தான் இந்த அதிகாரம் வெளிப்படும். நவீன அரசு இதைக் கிறிஸ்தவ நிறுவனத்திடமிருந்து கற்றுக்கொண்டது என்பது அவருடைய வாதம்.

ஜெபவீட்டுக்கு இது அச்சாகப் பொருந்துகிறதே என்று உடனே தோன்றும். வாரம் ஒருமுறை வீடு சந்திப்பு, உபவாச ஜெபம், பாவ அறிக்கை, யார் வரவில்லை என்று விசாரிப்பு. எல்லாம் சரி. ஆனால் ஃபூக்கோவை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டால் சித்தி சொன்ன சொல் காணாமல் போய்விடும். பேர் சொல்லிக் கூப்பிடுதாவ. ஊர் அவளைச் சாதிப் பெயர் சொல்லி அழைத்தது. ரேஷன் கடை அட்டை எண்ணால் அழைத்தது. கட்சிகள் ஓட்டு என்று எண்ணின. நம் இயக்கங்களோ அவளை 'மக்கள்' என்கிற பன்மையில் கரைத்துவைத்திருந்தன. ஐம்பத்தைந்து வயதில் ஓர் அந்நியன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அவளுடைய பெயரைக் கேட்டான், முழங்கால் வலியைக் கேட்டான், அதற்காகக் கண்ணை மூடி ஜெபித்தான். ஐரோப்பாவில் தன்னிலையைக் கட்டிப்போட்ட அதே தொழில்நுட்பம், தன்னிலையே மறுக்கப்பட்டவளுக்கு முதன்முறையாக ஒரு தன்னிலையைத் தருகிறது. இந்த முரணை விட்டுவிட்டு மேய்ப்பதிகாரம் என்று வாய்ப்பாடு சொல்வதால் பிரயோசனமில்லை.

சாட்சி சொல்லுதல் என்று ஒரு நிகழ்வு உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாம். பழைய கோவிலில் மூன்று தலைமுறையாக எங்கள் பெண்கள் எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசியதில்லை. பாடினார்கள், முழங்காலிட்டார்கள், அவ்வளவுதான். இங்கே சித்தி பத்து நிமிசம் பேசுகிறாள். முப்பது பேர் கேட்கிறார்கள். அவள் பேசியதில் தண்ணீருக்குள் தூக்கிப்போன பிணமும் வந்தது. மடலில் அது வந்ததா என்று பின்னால் தேடிப் பார்த்தேன். 'கணவரை இழந்த ஒரு சகோதரி ஆறுதல் பெற்றார்' என்று ஒரு வரி இருந்தது. கூடத்தில் சொல்லப்பட்ட கதைக்கும் மடலில் ஏறிய வரிக்கும் நடுவே சாதி உருவப்பட்டுவிட்டது.

3

வீட்டுச்சபை ஏதோ புதுசாக இறக்குமதியானது என்று நினைப்பது வரலாறு தெரியாத பேச்சு. தென்திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் சபையே ஒரு தலித்தின் வீட்டிலிருந்து தொடங்கியதுதான். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர். சிதம்பரம் யாத்திரை போனவர் தஞ்சாவூர்ப் பக்கம் உறவினர்களிடம் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். வந்தவர் தன் உற்றார் உறவினரைத் திரட்டிக்கொண்டு ஜெபம் நடத்தினார், எதிர்ப்புகளைச் சந்தித்தார். ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தது அதற்குப் பிறகு, 1806இல். அதாவது மிஷனரி வந்து சபையை உண்டாக்கவில்லை. சபை முதலில் இருந்தது. அது மிஷனரியைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரரை எழுவாயாகவும் வேதமாணிக்கத்தைச் செயப்படுபொருளாகவும் வைத்தே எழுதப்பட்டன.

நிறுவனம் வளர்ந்தபின் என்ன ஆனது என்பதும் தெரிந்த கதைதான். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு காலத்திலேயே சூத்திரருக்கும் பறையருக்கும் தனித்தனி இருக்கை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியைக் கைவிட்டே ஆகவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சை வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு நின்றார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலுக்குள் சாதிவாரியாகப் பிரித்து எழுப்பியிருந்த சுவரை 1910இல் இடித்தபோது வெள்ளாளர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் என்ன நடந்தது? தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப்பங்கு கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். வடக்கன்குளத்தில் ஆதிக்கசாதி பிரிவினைக்காகப் போராடியது. எறையூரில் பிரிந்துபோக விரும்பியவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். அவர்களைப் பிரியவிடாமல் தடுத்து 'ஒரே சபை' என்றது ஆதிக்கசாதி. ஒற்றுமை, பிரிவினை என்கிற சொற்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. யார் சொல்கிறார்கள், எங்கிருந்து சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சித்தி கோவிலை விட்டு ஜெபவீட்டுக்கு நடந்ததும் ஒரு சின்ன எறையூர்தான், கலவரம் இல்லாத எறையூர்.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் திருநெல்வேலியில் உள்நாட்டு மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். 1912இல் தோர்ணக்கல்லின் முதல் பிஷப். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு வெள்ளைக்காரர்களைச் சங்கடத்தில் நெளியவைத்தது. உங்கள் தியாகத்தை மதிக்கிறோம், ஆனால் நீங்கள் எங்களை நண்பர்களாக நடத்துவதில்லை, வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சேர்ந்து சாப்பிடுவதில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மிஷனரி இந்தியனின் வீட்டுக்குப் போவது ஊழியம். இந்தியன் மிஷனரியின் வீட்டுக்குள் போவதுதான் உறவு. முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. நூறு வருசத்துக்கு மேல் கழித்தும் வீட்டுச்சபையை அளப்பதற்கு அசரியாவின் இந்த அளவுகோலை விட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.

4

ஆதிச்சபைக்குத் திரும்புகிறோம் என்பது வீட்டுச்சபைக்காரர்களின் பெருமை. அப்போஸ்தலர் காலத்தில் கோபுரம் ஏது, பலிபீடம் ஏது, வீடுகள்தானே இருந்தன என்பார்கள். உண்மைதான். ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டில் சபை, நிம்பாவின் வீட்டில் சபை, பிலேமோன் வீட்டில் சபை. ஆனால் அந்த வீடுகளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமே.

பிலேமோன் ஓர் அடிமையின் எஜமான். அவன் வீட்டில் கூடிய சபையின் மத்தியில்தான் ஒநேசிமு என்கிற அடிமையின் கதை நடக்கிறது. அவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஏற்றுக்கொண்டானா என்பதைக் கடிதம் சொல்லவில்லை. எருசலேமில் மரியாள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் கதவு திறக்கப் போனவள் ரோதை என்கிற வேலைக்காரப் பெண். சிறையிலிருந்து தப்பிவந்த பேதுரு வாசலில் நிற்கிறான் என்று அவள் ஓடிவந்து சொன்னபோது, உனக்குப் பைத்தியம் என்றார்கள் உள்ளே இருந்த பரிசுத்தவான்கள். கொரிந்துவில் ஒரே வீட்டில் கூடிய விருந்திலேயே சிலர் பசியோடு கிடந்தார்கள், சிலர் குடித்து வெறித்திருந்தார்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் பந்தியிலிருந்து நழுவினான். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தான். நம் ஊரில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வீடு என்பது புனிதமான வெற்றிடம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஒரு வாசல், ஒரு அடுக்களை, ஒரு புறவாசல் உண்டு. எவன் எதுவரைக்கும் வரலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கோடுதான் சபை உள்ளே வந்தது.

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமும் இதையே சொல்கிறது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், அடிமைகளாக இருந்தவர்களுக்கு மகனாகப் பிறந்த வில்லியம் செமோர் என்கிற கறுப்பின ஊழியக்காரர் ஒரு வீட்டில் தொடங்கிய ஜெபம், கூட்டம் தாங்காமல் அசூசா தெருவில் லாயமாகவும் கிடங்காகவும் கிடந்த பழைய கட்டடத்துக்குப் போனது. நிறவெறி உச்சத்திலிருந்த நாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர் தலையில் ஒருவர் கைவைத்து ஜெபித்தார்கள். சில வருசம்தான். 1914இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் அமைப்பு உருவானபோது அது பெரும்பாலும் வெள்ளையரின் அமைப்பாக இருந்தது. வீட்டில் கலந்தவர்கள் நிறுவனம் ஆனபோது பிரிந்தார்கள்.

இங்கே டொனால்ட் மெகாவ்ரன் என்கிற பெயரைச் சொல்லியாக வேண்டும். 1897இல் மத்திய இந்தியாவில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே பல்லாண்டு ஊழியம் செய்தவர். 1955இலும் 1970இலும் வந்த அவருடைய நூல்கள் 'சபை வளர்ச்சி' என்கிற துறையையே உருவாக்கின. இனம், மொழி, வர்க்கம் ஆகிய எல்லைகளைத் தாண்டாமல் கிறிஸ்தவராகவே மக்கள் விரும்புகிறார்கள். ஆகவே ஒரே மாதிரியான ஆட்களை ஒரே அலகாகக் கொண்டு சபை கட்டினால் வேகமாக வளரும் என்பது அவர் கண்டுபிடித்த விதி. எங்கிருந்து கண்டுபிடித்தார்? இந்தியாவில் சாதி சாதியாக நடந்த மதமாற்றங்களைப் பார்த்து. சாதி இங்கிருந்து அமெரிக்கா போய், சமூகவியல் உடுப்பு மாட்டிக்கொண்டு, உலகம் முழுக்கச் சபை நாட்டுகிற உத்தியாகத் திரும்பி வந்தது. 1995இல் தொடங்கிய யோசுவா திட்டத்தின் இந்தியப் பட்டியல் 'மக்கள் குழுக்கள்' என்ற பெயரில் சாதிகளைத்தான் வரிசைப்படுத்துகிறது. மெகாவ்ரனின் விதியைக் கிறிஸ்தவர்களே எதிர்க்காமல் இல்லை. லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த ரெனே பதில்லா போன்றவர்கள் இது சுவிசேஷத்துக்கே விரோதம் என்று வாதாடினார்கள். இருந்தும் எண்ணிக்கை கேட்கிற நிறுவனங்களுக்கு மெகாவ்ரன்தான் வசதி.

எங்கள் ஊருக்கு வருகிறேன். சித்தியின் பாஸ்டர் காலனிக்காரர் இல்லை; நடுச்சாதிக்காரர். சும்மா சொல்லக்கூடாது, சித்தி வீட்டு அடுக்களை வரைக்கும் வருவார், அவள் கையால் ஊற்றிய கஞ்சியைக் குடிப்பார். எங்கள் தெருவில் அதற்கு முன் எந்தச் சாமியாரும் அதைச் செய்ததில்லை. அது பெரிய விசயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு வருசம் கழித்து ஊர்த்தெருவிலும் ஐந்தாறு குடும்பம் விசுவாசத்துக்கு வந்தது. அவர்கள் காலனிக்கு வந்து பாயில் உட்காரவில்லை. ஊர்த்தெருவிலேயே ஒரு வீட்டில் வேறு நேரத்தில் கூட்டம் தொடங்கியது. காலையில் இங்கே, சாயங்காலம் அங்கே. கேட்டால் பாஸ்டர் சொன்னார்: "பிரதர், கர்த்தர் சபையைப் பெருகப்பண்ணுறாரு." அந்த மாத மடலில் ஒன்று இரண்டானது. எங்களுக்கோ அவை எப்போதும் இருந்த அதே இரண்டு தெருக்கள்.

5

உடலைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பெந்தெகொஸ்தே பெண்ணைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். வெள்ளைச் சேலை, பொட்டில்லை, பூவில்லை, நகையில்லை. 1920களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கி, இன்று 'தி பெந்தெகொஸ்தே மிஷன்' என்றழைக்கப்படும் சபையில் இது கண்டிப்பான ஒழுங்கு. அதன் ஊழியக்காரர்கள் கூடிவாழும் இடத்துக்குப் பெயரே 'விசுவாச வீடு'. நம் தோழர்கள் இந்த வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் விதவைக்கோலம், பெண்ணுடல் மீதான ஒடுக்குமுறை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் தென்திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடவும் தங்கம் அணியவும் தடை இருந்தது. மேலாடைக்காகச் சாணார் பெண்கள் நடத்திய போராட்டம் 1859 அரசாணை வரைக்கும் போனது. போடக்கூடாது என்று சொல்லப்பட்டவள் ஒருநாள் தானாகக் கழற்றிவைக்கிறாள் என்றால் அதில் இரண்டு அர்த்தமும் இருக்கும். அடகுக்கடைக்குப் போன கம்மலை நினைத்து வெட்கப்பட வேண்டிய அவசியம் அவளுக்கு இனி இல்லை. பணக்கார விசுவாசியின் காதும் மூளிதான். அதே சமயம் பழைய தடை பரிசுத்தம் என்கிற பெயரில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் எது மேலோங்கும் என்பதை முடிவுசெய்கிற இடத்தில் அவள் இருக்கிறாளா என்பதுதான் பிரச்சினை. பெரும்பாலான கூடங்களில் சாட்சி சொல்ல அவள் எழலாம். பிரசங்க மேசை ஆணுக்குத்தான்.

தெய்வங்கள் கதையும் இப்படித்தான். சுடலையும் இசக்கியும் ஜெபவீட்டில் பேய்கள். ஒடுக்கப்பட்டவர்களின் நினைவைச் சுமந்த தெய்வங்களைப் பிசாசாக்குவது பண்பாட்டு வன்முறை என்று நாம் எழுதுகிறோம், சரிதான். ஆனால் அதே சுடலைக்கு ஆகம முறையில் கும்பாபிஷேகம் செய்து, கிடாவெட்டை நிறுத்தி, சிவனின் மகனாக்கி, பூணூல் போட்டவரைப் பூசைக்கு வைக்கிற வன்முறையைப் பற்றியும் அதே குரலில் எழுத வேண்டும். ஒருவர் பேய் என்று துரத்துகிறார். இன்னொருவர் அவதாரம் என்று விழுங்குகிறார். துரத்தப்பட்ட பேய்க்காவது ஜெபவீட்டில் ஆடுவதற்குக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது.

6

இனி அரசு. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள்; கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, சாதி இந்துவுக்கு இருந்தால் எனக்கும் உண்டு, எனக்கும் பெட்டிக்கடை கொடு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், விசுவாசமாகக் கோவிலுக்குப் போய்க்கொண்டே சலுகைக்காக இந்து என்பது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றது அதே நீதிமன்றம்.

வீட்டுச்சபை ஏன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் மாறாது, சர்டிபிகேட் மாறாது, கெசட்டில் வராது. சிலர் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போடுவார்கள். இதை இரட்டை வேடம் என்று திட்டுவது சுலபம். பிள்ளையின் காலேஜ் சீட்டா கர்த்தரா என்கிற தேர்வை ஓர் ஏழைத் தாயின் முன்னால் வைத்த அரசுதான் இந்த ஒளிவுமறைவைத் தயாரித்தது.

வீட்டுக்குள் இருந்தாலும் விடுவதில்லை. வழிபாட்டுக்குக் கட்டடம் கட்டக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்கிற 1997ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதியைக் காட்டி ஜெபவீடுகளைப் பூட்டச் சொல்கிறார்கள். குமரி மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு அமைந்த வேணுகோபால் ஆணையத்தின் நிழல் அங்கே இன்னும் நீள்கிறது. ஊர்த்தெருவில் ஒரு மச்சு வீட்டில் வாராவாரம் பஜனை நடந்தால், அது வீடா வழிபாட்டுத் தலமா என்று எந்தத் தாசில்தாரும் போய்க் கேட்பதில்லை. வீடு என்பது யாருக்கு வீடு?

2002 அக்டோபரில் தமிழக அரசு கொண்டுவந்து, 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு விலக்கிக்கொண்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தில் ஒரு கூறு இருந்தது. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் மாற்றியவருக்குத் தண்டனை கூடுதல். கேட்பதற்குப் பாதுகாப்பு மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் முற்கோள் வேறு: தலித்தும் பெண்ணும் குழந்தையைப் போல, சொந்தப் புத்தி இல்லாதவர்கள். ஊழிய மடலும் அவர்களை ஆடுகள் என்கிறது. மந்தையை மேய்ப்பது யார் என்பதில்தான் அரசுக்கும் மிஷனுக்கும் சண்டை. மந்தை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாமும் 'விழிப்புணர்வு ஊட்டப்' போனபோது அதே கோலைத்தான் கையில் வைத்திருந்தோம்.

7

ஜெபவீட்டை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் பூட்ட வருகிறவனை எதிர்க்க வேண்டும், இதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. நம்பிக்கை இல்லாத நாம்தான் முதலில் போய் நிற்க வேண்டும். பூட்டப்படுவது முப்பது பேர் கூடிப் பேசுகிற கூடம். காலனியில் அப்படி எத்தனை கூடத்தை நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோம்?

அதற்கப்புறம் உள்ளே போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் புழக்கம் என்று ஒரு சொல் உண்டு. 'அவங்க வீட்ல நாங்க புழங்குவோம்' என்றால் உள்ளே போவோம், தண்ணி குடிப்போம், சாப்பிடுவோம் என்று அர்த்தம். அதற்கு அடுத்தது கொள்வினை கொடுப்பினை. பாஸ்டர் கஞ்சி குடித்தார். பாதிப் புழக்கம் வந்துவிட்டது. ஊர்த்தெரு விசுவாசி காலனி வீட்டுப் பாயில் வந்து உட்காருவானா? சித்தி ஊர்த்தெரு வீட்டுக் கூடத்துக்குள் போய்ச் சாட்சி சொல்வாளா, தண்ணீரில் தூக்கிப்போன பிணத்தைப் பற்றி, அதைப் போக விடாதவர்களின் சொந்தக்காரர்கள் கேட்க? கிறிஸ்தவப் பத்திரிகைகளில் வரும் மணமகள் தேவை விளம்பரத்தில் 'மறுபடியும் பிறந்த' என்று போட்ட கையோடு சாதிப் பெயரையும் போடுவது எப்போது நிற்கும்? மறுபடி பிறந்தும் அதே சாதியிலா பிறப்பது? இதைக் கேட்க வேண்டியவர்கள் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். கேட்டால் சபை உடையும் என்பார்கள். மெகாவ்ரன் கணக்குப்படி வளர்ச்சி குறையும். குறையட்டுமே.

போன முறை ஊருக்குப் போனபோது சித்தி சொன்னாள். ஊர்த்தெருக் கூட்டத்தில் ஒரு பொம்பளைக்குச் சுகமில்லை என்று இவள் தானாகக் கிளம்பிப் போயிருக்கிறாள், ஜெபிக்க. வாசலில் நாற்காலி போட்டார்களாம். "நான் உக்காரல. ஜெபம் பண்ணனும்னா ஆளு படுத்திருக்க எடத்துக்குல்லா போவணும், உள்ள கூட்டிட்டுப் போங்கன்னேன்." அப்புறம்? "செத்த நேரம் ஒருத்தரும் பேசல. பெறவு வழிவிட்டாவ."

தண்ணி குடுத்தாங்களா என்று கேட்டேன்.

"இல்ல. அடுத்த மட்டம் கேப்பேன்" என்றாள்.